சர்க்கரை சரியாயிருந்தால் போதுமா?

‘சர்க்கரை பார்த்தாயிற்று, சரியாகவே இருக்கிறது. அப்படியானால் எனக்கு ஒரு குறையும் இல்லையல்லவா?’ - நம் சங்கத்துத் தோழியர் சிலர் என்னிடம் கேட்கும் வினா இது. ‘இன்சுலின் என்று ஏதோ பார்த்தார்கள், எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு நீரிழிவு வந்துவிட்டதா?’ - இது வேறு சிலர் கேட்பது. முன்னவர்க்கு வேண்டிய அளவு கவலை இல்லை. பின்னவர்க்கோ வேண்டாத அச்சம். இரு திறத்தாரையும் மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதலானேன். நான் உயிர்வேதியியல் பயிலும் மாணவி, மருத்துவர் அல்லேன். ஆகவே மருந்து எதனையும் இங்கே கூறப்போவதில்லை. ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளை எவ்வாறு படித்துப் பொருள் கொள்வது என்பதை மட்டும், நான் கற்ற அளவில், எல்லார்க்கும் விளங்கும்படி கூற முயல்கிறேன்.

இன்சுலின் எதிர்ப்பு என்பது யாது?

நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் செரித்துக் குளூகோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். கணையத்தில் சுரக்கும் இன்சுலின், தசை அணுக்களின் மேலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. உடனே அணுவின் உள்ளிருந்து சர்க்கரையைச் சுமக்கும் புரதங்கள் மேலே வந்து, சர்க்கரையை உள்ளே கொண்டு செல்கின்றன. கல்லீரலுக்கும் இன்சுலின் ஒரு கட்டளை இடுகிறது: ‘நீ சர்க்கரை உண்டாக்கியது போதும்.’ கொழுப்புத் திசுவுக்கும் ஒரு கட்டளை: ‘சேமித்த கொழுப்பை இப்போது வெளியே விடாதே.’

இக்கட்டளைகளுக்குத் தசையும் கல்லீரலும் கொழுப்பும் சரிவரச் செவிசாய்க்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு. காது மந்தமான பாட்டி ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பாட்டி, கதவைச் சாத்துங்கள்’ என்று மெல்லச் சொன்னால் அவர் காதில் விழாது. உரக்கக் கத்தினால் எழுந்து போய்ச் சாத்துவார். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டு வீடும் ஒன்றே: கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் மெல்லிய குரல் போதும். மற்றொரு வீட்டில் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கிறது.

சர்க்கரைப் பரிசோதனை தெருவில் நிற்பவரைப் போன்றது. கதவு சாத்தியிருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. கணையம் இருமடங்கு, மும்மடங்கு இன்சுலினைச் சுரந்து, பல ஆண்டுகள் சர்க்கரையைச் சரியான அளவிலேயே வைத்திருக்கக்கூடும். என்றோ ஒரு நாள் கணையம் களைத்துப் போகும்போதுதான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகளில், நீரிழிவு வராமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆதலின் சர்க்கரையோடு அதன் அண்டை அயலையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

அறிஞர்கள் கண்ட வழி

கானடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவு என்றாலே இன்சுலின் இல்லாமை என்று உலகம் எண்ணிய காலம் அது. 1936-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வர்த் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்சுலினுக்கு நன்கு இணங்குவோர், இணங்காதோர் என நோயாளிகள் இருவகைப்படுவர் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள இன்சுலினை அளக்கும் கருவி அன்று இல்லை.

அந்தக் கருவியைத் தந்தவர்களுள் ஒருவர் பெண்மணி. நியூயார்க்கில் பணியாற்றிய ரோசலின் யாலோவும் அவருடைய கூட்டாளி சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1960-ஆம் ஆண்டையொட்டி நிறுவினர். முதிர்ந்த வயதில் நீரிழிவு வந்த பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை, சில வேளைகளில் மிகுதியாகவே இருக்கிறது என்பது அதனால் தெரியவந்தது. பெர்சன் 1972-இல் மறைந்தார். 1977-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் யாலோ பங்கு பெற்றார். மருத்துவத்திற்காக அப்பரிசு பெற்ற இரண்டாம் பெண்மணி அவர்.

இன்சுலின் எதிர்ப்பை நேரடியாக அளக்கும் சிறந்த முறை 1979-இல் டிஃபிரான்சோவும் அவர் குழுவினரும் விளக்கிய ‘கிளாம்ப்’ முறையாகும். ஒரு நரம்பின் வழியே இன்சுலினையும் குளூகோஸையும் செலுத்தி, சர்க்கரை அளவு ஏறாமலும் இறங்காமலும் நிற்கச் செய்வர். அப்படி நிறுத்த எவ்வளவு குளூகோஸ் தேவைப்படுகிறதோ அதுவே உடலின் இணக்கத்தைக் காட்டும் அளவுகோல். இதற்குப் பல மணி நேரமும் பயிற்சி பெற்ற குழுவும் வேண்டும். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் செய்து பார்க்க இயலாது. எனவேதான் ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்திலிருந்து இதனை மதிப்பிடும் எளிய வழிகளை அறிஞர் நாடினர்.

எளிய கணக்குகள் மூன்று

முதலாவது, 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாத்யூஸ் முதலியோர் அமைத்த ‘ஹோமா’ கணக்கு. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவை (மில்லிகிராமில்) அதே நேரத்து இன்சுலின் அளவால் (மைக்ரோ யூனிட்டில்) பெருக்கி, 405-ஆல் வகுக்க வேண்டும். 405 எங்கிருந்து வந்தது என்று கணித மாணவர் கேட்பர். சர்க்கரை 81, இன்சுலின் 5 உள்ளவரை இயல்பானவராகக் கொண்டனர். 81-ஐ 5-ஆல் பெருக்கினால் 405. ஆகவே அவருக்கு விடை 1 என வரும். விடை ஏற ஏற எதிர்ப்பும் ஏறுகிறது என்பது பொருள்.

இரண்டாவது, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பால் வகுத்து வரும் விகிதம். இதற்கு இன்சுலினை அளக்கவே வேண்டா. கொழுப்புத் திசு இன்சுலினின் கட்டளையைக் கேளாதபோது கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி மீண்டும் இரத்தத்தில் விடுகிறது. அது மிகும்போது எச்.டி.எல். குறைகிறது. டிரைகிளிசரைடு மிகுந்து எச்.டி.எல். குறைவது இன்சுலின் எதிர்ப்பின் அடிச்சுவடு என்பது இதனாற் புலப்படும். ஜெரால்ட் ரீவன் 1988-இல் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு ஒன்றில் இக்குறிகளை எல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்துக் காட்டினார். பின்னர் 2003-இல் அவர் குழுவினர், எடை மிகுந்தவர்களிடம் இவ்விகிதம் 3 அல்லது அதற்கு மேற்பட்டால் இன்சுலின் எதிர்ப்பை ஐயுறலாம் என எழுதினர். பெண்களுக்கு இயல்பாகவே எச்.டி.எல். சற்று மிகுதியாதலால், அவர்களுக்கு எல்லையை 2.5 எனக் குறைத்துக் கொள்வாரும் உளர்.

மூன்றாவது, 2008-இல் மெக்சிகோ நாட்டு ஆய்வாளர் முன்வைத்த கணக்கு. டிரைகிளிசரைடைச் சர்க்கரையால் பெருக்கி, இரண்டால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையைக் காண வேண்டும். இதற்கும் இன்சுலின் அளவு தேவையில்லை.

இனி எடுத்துக்காட்டாக இரு பெண்களைக் கற்பனை செய்து கொள்வோம். இருவர்க்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 90 மில்லிகிராம். தெருவில் நிற்பவருக்கு இருவரும் ஒன்றே. முதலாமவருக்கு இன்சுலின் 6, இரண்டாமவருக்கு 18. ஹோமா கணக்குப்படி முதலாமவருக்கு விடை 1.3, இரண்டாமவருக்கு 4. முதலாமவரின் டிரைகிளிசரைடு 80, எச்.டி.எல். 55, விகிதம் 1.5-க்கும் குறைவு. இரண்டாமவருக்கு டிரைகிளிசரைடு 171, எச்.டி.எல். 38, விகிதம் 4.5. மூன்றாம் கணக்கில் முறையே 8.2, 8.9. மூன்று கணக்கும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. இரண்டாமவரிடம் ‘சர்க்கரை சரி, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டால், குரல் வறளக் கத்திக்கொண்டிருக்கும் கணையத்தைக் கவனியாது விட்டவர் ஆவோம்.

பெண்களுக்கு ஏன் தனிக் கவனம்?

பெண்ணின் உடலில் இன்சுலின் எதிர்ப்பு பிற வாயில்களாலும் வெளிப்படுகிறது. மாதவிடாய் தவறித் தவறி வருதல், முகத்தில் முடி மிகுதல், நீங்காத பருக்கள் ஆகியவற்றோடு வரும் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்னும் நிலை அவற்றுள் ஒன்று. மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இந்நிலை உடையவர் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மைச் சுரப்புகளைப் பெருக்குவது இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நம் வீடுகளில் இதனைச் ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று சொல்லி, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஒதுக்கிவிடுகின்றனர். கல்யாணம் இன்சுலின் எதிர்ப்புக்கு மருந்தாகும் என்பதற்கு எந்த ஆய்வும் இல்லை!

மற்றொரு வாயில் கருவுற்ற காலம். அக்காலத்தில் நச்சுக்கொடியின் சுரப்புகளால் எல்லாத் தாய்மார்க்கும் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கூடுகிறது. கணையம் ஈடுகொடுக்க முடியாதவர்க்குச் சர்க்கரை ஏறுகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் அது இறங்கிவிடலாம்; ஆனால் அத்தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இதனை வலியுறுத்தி, 75 கிராம் குளூகோஸ் பருகக் கொடுத்து இரண்டு மணி நேரங் கழித்துப் பார்க்கும் எளிய முறையை நம் நாட்டில் பரப்பினார்.

இந்தியர் என்பதனாலும் ஒரு தனிக் கவனம் வேண்டும். ஒல்லியாயிருப்பவர்க்கு இக்கவலை இல்லை என்று நினைக்கலாகாது. புனே நகரத்து மருத்துவர் யாக்னிக் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நகரத்துக் குழந்தைகளை இலண்டனில் பிறந்த வெள்ளையர் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். புனேக் குழந்தைகள் எடை குறைந்தவர்களாயினும் அவர்களின் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தது. மெலிந்த கைகாலும் சற்றே பருத்த வயிறும் நம்மவர்க்கு இயல்பாகிவிட்ட தோற்றம். எனவேதான் தெற்காசியப் பெண்களின் இடுப்புச் சுற்றளவுக்கு 80 சென்டிமீட்டரை எல்லையாக வகுத்துள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த பேராய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

இவ்வளவு கூறியபின், ‘நாளைக்கே இன்சுலின் பார்த்துவிடுகிறேன்’ என்று யாரேனும் புறப்படுவாராயின், சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன்.

இன்சுலின் இரத்தத்தில் சீராக வடிவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை அலையலையாகச் சுரந்து, சில நிமிடங்களிலேயே அழிகிறது. ஆகவே ஒரே ஒரு துளியில் கண்ட எண் அந்த நொடியின் நிழற்படம்தான். ஒரு நிலையத்துக் கருவியின் எண்ணும் மற்றொரு நிலையத்துக் கருவியின் எண்ணும் ஒத்துவருவதும் இல்லை. எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் சிதைந்துவிட்டால் இன்சுலினும் சிதைந்து எண் குறையும். முடி கொட்டாமலிருக்க நம்மில் பலர் விழுங்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்னும் வைட்டமின் பெருமளவில் உண்டு. அது சில கருவிகளின் அளவையே பிறழச் செய்யும். காய்ச்சல், ஸ்டீராய்டு மருந்து, முதல் நாள் இரவு தூங்காமை ஆகியவையும் இன்சுலினை உயர்த்தும். தேர்வுக்குக் கண்விழித்துவிட்டு மறுநாட் காலையில் இரத்தம் கொடுப்போர் இதனைக் கவனிக்க.

ஹோமாவின் எல்லைக் கோடும் உலகெங்கும் ஒன்றன்று. 2 முதல் 3 வரை ஆய்வாளர் பலர் பலவாறு வகுத்துள்ளனர். மேலும் கணையம் களைத்தபின் இன்சுலின் குறைந்துவிடுவதால், நோய் முற்றியவருக்கு எண் நன்றாயிருப்பதுபோலத் தோன்றவுங் கூடும். இக்காரணங்களால்தான், பி.சி.ஓ.எஸ். பற்றி 2023-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, இன்சுலின் எதிர்ப்பை அளக்கும் பரிசோதனைகள் அன்றாட மருத்துவத்தில் வேண்டா என்றது. அதற்கு மாறாகக் குளூகோஸ் பருகிப் பார்க்கும் பரிசோதனையையே சிறந்ததாகக் கொண்டது. பெருந்தொகை வாங்கிக்கொண்டு ‘முழு உடற்பரிசோதனை’ என்று விற்கப்படும் தொகுப்புகளில் இன்சுலின் எண்ணைக் கண்டு அஞ்சும் தோழியர் இதனை நினைவிற் கொள்வது நலம். அந்த எண் விசாரணையின் தொடக்கமே, தீர்ப்பு ஆகாது.

கொழுப்பு விகிதத்துக்கும் குறை உண்டு. ஆப்பிரிக்க வழிவந்தவரிடம் இன்சுலின் எதிர்ப்பு இருந்தும் டிரைகிளிசரைடு ஏறாமல் இருப்பது அறியப்பட்ட செய்தி. ஓரினத்தாருக்கு வகுத்த எல்லையை மற்றோரினத்தாருக்கு அப்படியே வைத்தல் தகாது. கருத்தடை மாத்திரைகள் சில டிரைகிளிசரைடை உயர்த்துவதும் உண்டு.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் நம் பெண்களிடம் தடுமாறும். இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் அவ்வெண் உள்ளதைவிடச் சற்று உயர்ந்து காட்டக்கூடும். 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர். ஆகவே 5.7 முதல் 6.4 வரை எண் கண்ட ஒரு பெண், தம் ஹீமோகுளோபினையும் உடன் பார்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

யார், எதை, எப்போது பார்க்க வேண்டும்?

முதலில் காசு செலவில்லாத கருவி: தையற்காரரின் அளவு நாடா. மூச்சை இயல்பாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவைப் பாருங்கள். சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் முறையும் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோர்க்கு நீரிழிவு உண்டா என்னும் நான்கையே கேட்கிறது. ஒரு துளி இரத்தமும் வேண்டா. நூற்றுக்கு 60-உம் அதற்கு மேலும் பெற்றால் அபாயம் மிகுதி. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப் போலிருந்தால், அதனை அழுக்கென்று தேய்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் மிகுதியின் வெளியடையாளம் அது.

அடுத்து, பெற்றோர்க்கு நீரிழிவு உள்ளவர், இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டியவர், மாதவிடாய் ஒழுங்கற்றவர், முன்பு கருவுற்றிருந்தபோது சர்க்கரை ஏறியவர், முப்பது வயது கடந்தவர் ஆகியோர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாதிருந்து, காலையில், சர்க்கரையும் கொழுப்பு வகைகளும் ஹீமோகுளோபினும் பார்த்தால் தொடக்கத்திற்குப் போதும். இவை எந்த அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய எளிய பரிசோதனைகள். பெண்களுக்குக் கவனிக்க வேண்டிய எல்லைகள் இவை: சர்க்கரை 100-க்குக் கீழ், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழ், எச்.டி.எல். 50-க்குக் குறையாமை. ஐயம் எழுந்தால் மருத்துவர் 75 கிராம் குளூகோஸ் கொடுத்து இரண்டு மணி கழித்துப் பார்ப்பார். அப்போது 140-க்குக் கீழிருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை முன்னிலை, 200-உம் அதற்கு மேலும் நீரிழிவு. இன்சுலினை அளப்பது தேவையா என்பதை அதன்பின் அவர் முடிவு செய்யட்டும்.

எண்கள் சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? மனந்தளர வேண்டா. இன்சுலின் எதிர்ப்பு பெரும்பாலும் இறங்கக்கூடியது. உழைக்கும் தசை இன்சுலினின் துணை குறைந்தாலும் சர்க்கரையை உள்வாங்கிக் கொள்ளும் ஆற்றல் உடையது. உடற்பயிற்சியின் பெருமைக்கு இதுவே அறிவியற் காரணம். அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த பெருஞ்சோதனை ஒன்றில், வாரத்துக்கு 150 நிமிட உழைப்பும் நூற்றுக்கு ஏழு பங்கு எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நம் நாட்டில் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையிலும், நடையும் உணவுக் கட்டுப்பாடும் நூற்றுக்கு 28.5 பங்கு பயன் தந்தன.

வீட்டைவிட்டு வந்து, வடநாட்டு விடுதியில் உருளைக்கிழங்கும் பூரியும் உண்டு, சர்க்கரை கலந்த தேநீரில் இரவைக் கழிக்கும் வாழ்வு நம்முடையது. உணவுக்கூடத்துப் பட்டியலை மாற்ற நம்மால் உடனே இயலாது. ஆனால் இரவு உணவுக்குப் பின் அறைக்குள் முடங்காமல், நாலைந்து தோழியராகச் சேர்ந்து வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர இயலும். தட்டில் பருப்பும் காயும் ஒரு கரண்டி கூடுதலாகவும் சோறு ஒரு கரண்டி குறைவாகவும் வாங்க இயலும். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்க இயலும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அம்மாவையும் அக்காவையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ளோர்க்கெல்லாம் மருத்துவம் பார்த்துவிட்டுத் தம் உடலைக் கடைசியில் வைப்பது நம் தாய்மாரின் வழக்கம். அவர்களது பரிசோதனைத் தாள் கைக்கு வரும்போது, சர்க்கரை என்னும் ஒரு வரியோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே உள்ள டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., ஹீமோகுளோபின் ஆகிய மூன்று வரிகளையும் படித்துப் பாருங்கள். ஐயம் தோன்றினால் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.